மந்தை மேய்த்த நாயும் மிதிவெடி தேடும் மூக்கும்

புத்தூர்ச் சந்தியிலிருந்து நிலாவரைப் பக்கமாகச் செல்பவர் மட்டுமல்ல, யாழ். குடாநாட்டின் எந்தக் கிராமத்து ஒழுங்கையில் நடப்பவரும் 'கடிநாய் கவனம்' என்ற பலகை தொங்கும் படலைகளைக் காணலாம். படலைக்கு உள்ளே நிற்பது பெரும்பாலும் சாதாரண ஊர் நாயாகவே இருக்கும். ஆயினும் சற்று வசதியுள்ள வளவுகளில், சிறப்பாகப் பிள்ளைகள் வெளிநாட்டில் வாழும் வீடுகளில், 'அல்சேஷன்' எனப்படும் பெரிய நாயொன்று சங்கிலியிற் கட்டப்பட்டிருப்பதும் புதுமையன்று. அதே இனத்தைச் சேர்ந்த நாய்களும், அவற்றின் நெருங்கிய உறவினமான பெல்ஜிய நாய்களும் போர் ஓய்ந்த காலங்களில் இந்நாட்டின் மண்ணிலே மிதிவெடி தேடின என்பதைப் பலர் அறிவர். ஆனால் இவ்விரு நாய்களும் எங்கிருந்து வந்தன, அவற்றின் உடல் ஏன் அவ்வாறு அமைந்தது என்பது குறித்து நம்மிடையே பேசப்படுவது மிகக் குறைவு. காவலுக்கென்று பெருந்தொகை கொடுத்துக் குட்டி வாங்குவோரும் இதனைக் கேட்பதில்லை.

அல்சேஷன் என்னும் பெயரே ஒரு போரின் எச்சம் எனலாம். இந்நாயின் சரியான பெயர் ஜேர்மன் மேய்ப்பு நாய் என்பதாகும். முதலாம் உலகப் போரின்போது பிரித்தானியாவில் ஜேர்மனி என்ற சொல்லே வெறுப்புக்குரியதாகியது. எனவே போர் முடிந்த கையோடு அங்குள்ள நாய் வளர்ப்போர், ஜேர்மனிக்கும் பிரான்சுக்கும் இடைப்பட்ட எல்லைப் பிரதேசமான அல்சாஸின் பெயரை அதற்குச் சூட்டினர். நாயின் பிறப்புக்கும் அப்பிரதேசத்துக்கும் சிறப்பான தொடர்பு எதுவுமில்லை. பிரித்தானியர் 1977ஆம் ஆண்டு பழைய பெயருக்கே திரும்பினர். அவர்களின் ஆட்சிக்காலத்தில் இலங்கைக்கு வந்து சேர்ந்த பெயரோ நம்மிடையே இன்றும் நிலைத்துவிட்டது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிவரை ஜேர்மனியில் மேய்ப்பு நாய் என்ற ஒரே இனம் இருக்கவில்லை. ஒவ்வொரு பிரதேசத்து இடையரும் தத்தம் மந்தைக்கும் நிலத்துக்கும் ஏற்ற நாய்களை வைத்திருந்தனர். தூரிங்கியாப் பகுதி நாய்கள் சிறியவை, நிமிர்ந்த காதுகள் உடையவை. வூட்டம்பேர்க் பகுதி நாய்கள் பருத்தவை, அமைதியானவை. மேய்ச்சல் நிலங்களுக்கு வேலியில்லை. ஒரு புறம் புல், மறுபுறம் பயிர். ஆடுகள் பயிருக்குள் இறங்காதபடி நாள் முழுவதும் எல்லையோரமாக ஓடிக்கொண்டே இருப்பதுதான் நாயின் தொழில். ஆட்டைக் கடித்துக் காயப்படுத்தும் நாயும் பயனற்றது, ஆட்டுக்கு அஞ்சும் நாயும் பயனற்றது. இடையன் தூரத்திலிருந்து எழுப்பும் ஓர் ஒலியை விளங்கிக்கொண்டு, சில வேளை அவ்வொலிகூட இல்லாமல் தானே முடிவெடுத்து இயங்கும் நாயே தேவைப்பட்டது.

குதிரைப்படை அதிகாரியாக இருந்த மக்ஸ் வொன் ஸ்ரெபானிற்ஸ் என்பவர் 1899ஆம் ஆண்டு ஏப்ரல் 3ஆம் திகதி கார்ள்ஸ்ரூ நகரில் நடைபெற்ற நாய்க் கண்காட்சியொன்றில் ஹெக்ரர் என்னும் நாயைக் கண்டார். ஓநாயை ஒத்த தோற்றமும் அளவான உடற்கட்டும் கொண்ட அந்நாயை உடனே வாங்கி, ஹொராண்ட் எனப் பெயர் மாற்றினார். அதே மாதத்தில் ஜேர்மன் மேய்ப்பு நாய்களுக்கான சங்கம் உருவாயிற்று. அதன் பதிவேட்டின் முதலாம் இலக்கம் ஹொராண்டுக்கே உரியது. இன்று உலகெங்குமுள்ள ஜேர்மன் மேய்ப்பு நாய்களின் வம்சாவளியைப் பின்னோக்கித் தேடினால் இந்த ஒரு நாயிடமே சென்று சேரும். அழகை அல்ல, பயனையும் அறிவையும் வைத்தே நாயைத் தெரிவு செய்தல் வேண்டும் என்பது ஸ்ரெபானிற்ஸின் உறுதியான கொள்கையாகும். தொழிற்சாலைகள் பெருகி மந்தைகள் சுருங்கத் தொடங்கியபோது, தாம் உருவாக்கிய நாய் வேலையின்றிப் போகும் என்று அவர் அஞ்சினார். ஆதலால் பொலிஸாரிடமும் இராணுவத்திடமும் அதனைக் கொண்டுசென்றார். முதலாம் உலகப் போரில் அந்நாய்கள் செய்தி சுமந்தன, காயமுற்றோரைத் தேடின. போரிற் பார்வையிழந்த வீரர்களுக்கு வழிகாட்டும் நாய்களைப் பழக்கும் பள்ளியும் 1916ஆம் ஆண்டு ஜேர்மனியின் ஓல்டன்பேர்க் நகரிலேயே தொடங்கப்பட்டது.

அயல்நாடான பெல்ஜியத்தின் கதையும் ஏறத்தாழ இதுவே. பிரசெல்ஸ் நகரை அடுத்த குரேகெம் மிருக வைத்தியக் கல்லூரியின் பேராசிரியர் அடோல்ப் றூல், 1891ஆம் ஆண்டு நவம்பர் 15ஆம் திகதி நாட்டின் மேய்ப்பு நாய்களை அழைத்து ஆராய்ந்தார். அன்று கொண்டுவரப்பட்டவை 117 நாய்கள். உடலமைப்பில் அவை ஒன்றையொன்று ஒத்திருந்தன, உரோமத்திலும் நிறத்திலும் மட்டும் வேறுபட்டன. அவ்வேறுபாட்டை வைத்தே பின்னர் நான்கு வகைகள் பிரிக்கப்பட்டன. அவற்றுள் மெச்சலென் நகரின் பிரெஞ்சுப் பெயரான மாலின் என்பதிலிருந்து பெயர்பெற்ற, கட்டை உரோமமுடைய மாலினோவா என்ற வகையே இன்று உலகப் பாதுகாப்புப் படைகள் பெரிதும் விரும்பும் நாயாக விளங்குகிறது. பெல்ஜியத்தின் கென்ற் நகரப் பொலிஸார் 1899ஆம் ஆண்டிலேயே நாய்களை இரவுக் காவலில் ஈடுபடுத்தியமை குறிப்பிடத்தக்கது.

இனி இவற்றின் உடலை நோக்குவோம். ஜேர்மன் மேய்ப்பு நாயின் ஆண் தோள்வரை 60 முதல் 65 சென்றிமீற்றர் உயரமும் 30 முதல் 40 கிலோ எடையும் கொண்டது. பெண் 55 முதல் 60 சென்றிமீற்றர் உயரமும் 22 முதல் 32 கிலோ எடையும் உடையது. உடலின் நீளம் உயரத்தைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்கும். குறைந்த முயற்சியில் நீண்ட தூரம் ஓடும் சீரான ஓட்டத்துக்கு இந்த நீளமே காரணம். மேலே கரடுமுரடான உரோமமும் அதன்கீழ் அடர்ந்த மென்னுரோமமுமாக இரட்டைப் போர்வை அதற்குண்டு. மழையிலும் பனியிலும் வெட்டவெளியில் நின்ற நாய்க்கு அது இன்றியமையாதது. மாலினோவா சற்று இலேசானது. ஆண் 25 முதல் 30 கிலோ, பெண் 20 முதல் 25 கிலோ. நீளமும் உயரமும் ஏறத்தாழச் சமம். செம்மஞ்சள் சார்ந்த பழுப்பு உடல், கறுத்த முகம், கட்டையான உரோமம். எடையும் உரோமமும் குறைந்திருப்பதால் வெப்பத்தை அது ஓரளவு கூடுதலாகத் தாங்கும். இரண்டுக்கும் காதுகள் நிமிர்ந்தவை, தாடைகளில் மொத்தம் 42 பற்கள்.

இவை யாவும் கண்ணுக்குத் தெரிபவை. மிதிவெடி தேடுவோருக்கு வேண்டியது மூக்கு. மனித மூக்கில் மணத்தை உணரும் வாங்கிகள் ஐந்து அல்லது ஆறு மில்லியன் எனக் கணிக்கப்படுகின்றன. மேய்ப்பு நாயிலோ இருநூறு மில்லியனுக்கும் மேல். எண்ணிக்கை மட்டுமல்ல, அமைப்பும் வேறு. நாம் மூச்சுக்கும் மணத்துக்கும் ஒரே பாதையைப் பயன்படுத்துகிறோம். நாயின் மூக்கினுட் சென்ற காற்றில் ஒரு பங்கு பிரிந்து மணம் உணரும் பின்னறைக்குச் செல்கிறது. வெளிவிடும் மூச்சு மூக்கின் பக்கப் பிளவுகள் வழியே வெளியேறுவதால், முன்னால் உள்ள மணம் கலைந்துவிடுவதில்லை. ஒரு வினாடிக்கு ஏறத்தாழ ஐந்து முறை அது மோப்பம் பிடிக்கும். மீன் குழம்பு கொதிக்கும் வீட்டு வாசலில் நாம் குழம்பின் மணத்தை மட்டும் அறிவோம். நாயோ மிளகாய், புளி, மீன் ஆகிய ஒவ்வொன்றையும் தனித்தனியாக அறியும் என்று கூறுவது பெரிதும் பொருத்தமான உவமை.

மிதிவெடிக்குள் இருக்கும் ரி.என்.ரி. வெடிமருந்தும் அதனோடு கலந்துள்ள துணைப் பொருட்களும் உறையின் ஊடாக மிக மெதுவாகக் கசிந்து மண்ணிற் பரவுகின்றன. நாய் தேடுவது அந்தக் கசிவையே. உலோகம் காட்டும் கருவிக்கு இதில் வேலையில்லை. குடாநாட்டிலும் வன்னியிலும் விடுதலைப் புலிகள் பயன்படுத்திய 'ஜொனி' மிதிவெடிகள் மரப்பெட்டியில் அமைந்தவை, உலோகம் மிகக் குறைந்தவை. மறுபுறத்தே போர் நடந்த மண்ணெங்கும் ஷெல் துண்டுகளும் வெற்றுத் தோட்டாக்களும் ஆணிகளும் நிறைந்திருந்தமையால் கருவி ஒவ்வோர் அடிக்கும் ஒலித்தது. ஒலித்த இடமெல்லாம் முழந்தாளிட்டுத் தோண்டியே பார்க்க வேண்டும். வலிகாமத்தின் செம்பாட்டு மண்ணைப் போன்ற இரும்புச்சத்து மிகுந்த மண் வகைகளும் கருவியைக் குழப்பக்கூடியவை. நாய்க்கு இரும்பு ஒரு பொருட்டன்று.

1995 ஒக்டோபரில் இராணுவம் அச்சுவேலி, புத்தூர், நீர்வேலி வழியாக யாழ். நகரை நோக்கி முன்னேறியதும், அம்மாத இறுதியில் வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் இடம்பெயர்ந்ததும் இப்பகுதி மக்கள் மறக்கக்கூடியவை அல்ல. இரு தரப்பினரும் தத்தம் காவலரண்களைச் சுற்றி மிதிவெடிகளைப் புதைத்தனர். 2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்பாடு கைச்சாத்தானதன் பின்னரே முறையான அகற்றல் பணி குடாநாட்டிற் பரவலாகத் தொடங்கியது. ஹலோ ட்ரஸ்ட் அமைப்பு அவ்வாண்டிலேயே இங்கு வந்தது. அமெரிக்காவின் மார்ஷல் லெகஸி நிறுவனம் பழக்கப்பட்ட மோப்ப நாய்களை இலங்கைக்கு வழங்கியது. இராணுவத்தின் மனிதாபிமானக் கண்ணிவெடி அகற்றும் பிரிவு அவற்றைப் பயன்படுத்தியது.

நாய் வேலை செய்யும் முறை எளிமையானது போலத் தோன்றும். நிலம் சதுரக் கட்டங்களாகப் பிரிக்கப்பட்டு அடையாளமிடப்படும். கையாள்பவர் பாதுகாப்பான ஓரத்தில் நிற்பார். நீண்ட வாரில் கட்டப்பட்ட நாய், மூக்கை நிலத்தோடு ஒட்டியபடி நேர்கோட்டில் முன்சென்று திரும்பும். மணம் கிடைத்த இடத்தில் அது அமைதியாக உட்கார்ந்துவிடும். கிளறக் கூடாது, குரைக்கவும் கூடாது. சில கிலோ அழுத்தத்திலேயே வெடிக்கக்கூடிய மிதிவெடிக்கு முப்பது கிலோ நாயின் பாதம் தாராளமாகப் போதும் என்பதால், இந்த ஒழுக்கம் பழக்கத்தின் உயிர்நாடி. கிடைக்கும் கூலி ஒரு றப்பர்ப் பந்துதான். அந்தப் பந்துக்காக நாள் முழுவதும் சலியாமல் தேடும் நாயே இப்பணிக்குத் தெரிவு செய்யப்படுகிறது. எல்லையோரமாக நாள் முழுதும் ஓடிய மேய்ப்பு நாயின் இயல்பு இங்கேதான் கைகொடுக்கிறது. ஒரு நாய் சுத்தமெனக் காட்டிய நிலத்தை இன்னொரு நாயும் தேடிய பின்னரே அது ஏற்கப்படும்.

எனினும் நாயைப் பற்றி மிகைப்படுத்திக் கூறுதல் தகாது. வறண்ட மண் வெடிமருந்தின் ஆவியை இறுகப் பிடித்துக்கொள்ளும், சிறிதளவு ஈரமே அதனை விடுவிக்கும். அதனால் பனி ஈரம் காயாத அதிகாலை நல்ல நேரம். சித்திரை வைகாசி நண்பகலில் நாய் நாவைத் தொங்கவிட்டு இளைக்கத் தொடங்கினால் மோப்பம் பின்தள்ளப்படும். வாயால் மூச்சு வாங்கும் நாய் மூக்கால் தேட இயலாது. பற்றையும் நாகதாளியும் மண்டிய நிலத்தில் முதலிற் செடி வெட்டப்பட வேண்டும். மிதிவெடிகள் நெருக்கமாகப் புதைக்கப்பட்ட வரிசைகளில் மணங்கள் ஒன்றோடொன்று கலந்து இடம் தெளிவாகாது. ஆகவேதான் முகமாலை போன்ற செறிந்த மிதிவெடி வயல்களில் பெரும் பங்கு வேலையை மனிதக் கைகளே செய்தன. இரும்பு வாரிகளால் மண்ணைச் சிறிது சிறிதாக வாரி எடுக்கும் முறை இலங்கையில் பரவலாகக் கையாளப்பட்டது. அவ்வாரியைப் பிடித்தோரில் குடும்பத்தைத் தனியே தாங்கிய பெண்கள் பலர். நாயின் பயன் வேறு இடத்தில் உள்ளது. ஐயத்துக்குரிய பரந்த நிலத்தில் எப்பகுதி சுத்தமானது என்பதை விரைவாக உறுதிசெய்து, தோட்டக்காணியை உரியவரிடம் ஒப்படைப்பதற்கு அது உதவுகிறது. மிதிவெடித் தடை உடன்படிக்கையில் இலங்கை 2017 டிசம்பரில் இணைந்தது. அதன்படி புதைந்தவற்றை அகற்றி முடிக்க 2028 ஜூன் வரை காலம் தரப்பட்டது.

1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்ட வடபுல முஸ்லிம்களின் மீள்வருகையும் இப்பணியோடு தொடர்புடையது. மன்னார் முசலிப் பகுதியில் அவர்களின் வயல்களும் மிதிவெடி அகற்றப்பட்ட பின்னரே உழப்பட்டன. நாய் சுற்றித் தேடிய நிலம் குறித்து மார்க்கப் பற்றுள்ளோரிடையே தயக்கம் எழுவது இயல்பே. இலங்கை முஸ்லிம்களிற் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபின்படி நாயின் உமிழ்நீர் அசுத்தமானது. அது பட்ட பாத்திரத்தை ஏழு தடவைகள், அவற்றுள் ஒரு தடவை மண்ணோடு சேர்த்துக் கழுவ வேண்டும். மாலிக்கி மத்ஹபினர் நாயைத் தூய்மையானதாகவே கொள்வர். ஆனால் இரு சாராரும் ஏற்கும் ஒன்றுண்டு. வேட்டைக்கும் மந்தைக்கும் பயிர்க் காவலுக்கும் நாய் வைத்திருப்பதற்கு அனுமதி உண்டு. பழக்கப்பட்ட வேட்டைப் பிராணி பிடித்துத் தருவதை உண்ணலாம் என்பது திருக்குர்ஆனின் ஐந்தாம் அத்தியாயத்தில் கூறப்பட்டுள்ளது. குகைவாசிகளின் வரலாற்றில் அவர்களோடு வாசலில் கிடந்த நாயும் இடம்பெறுகிறது. அதாவது, தேவையும் தொழிலும் உள்ள நாயும் பெருமைக்காக வளர்க்கும் நாயும் மார்க்கச் சட்டத்தில் ஒன்றல்ல. உலகில் மிதிவெடி நாய்களை மிகப் பெருமளவிற் பயன்படுத்திய நாடுகளில் ஒன்று ஆப்கானிஸ்தான். அங்கு 1989ஆம் ஆண்டு தொடங்கிய மோப்ப நாய் நிலையத்தில் நாயைக் கையாண்டோர் தொழுகையாளிகளான முஸ்லிம்களே. பொஸ்னியாவின் சராயேவோ நகரிலும் நோர்வே மக்கள் உதவி அமைப்பின் நாய்ப் பயிற்சி நிலையம் உண்டு. சைவர்களாகிய நாமும் வைரவரின் வாகனமென வணங்கிக்கொண்டே நாயைக் குசினிப் பக்கம் அண்டவிடாதவர்கள்தாமே!

தொழிலிலிருந்து பிரிந்த நாய்க்கு நேர்வது என்ன என்பதையும் கூற வேண்டும். 1920களிலேயே ஜேர்மன் மேய்ப்பு நாய்கள் அளவுக்கு மீறி உயரமாகி வருவதைக் கண்ட ஸ்ரெபானிற்ஸ், 1925ஆம் ஆண்டுக் கண்காட்சியில் உயரம் குறைந்த குளோடோ என்னும் நாயை முதலிடத்துக்குத் தெரிவு செய்து வளர்ப்போரைத் திருப்ப முயன்றார். அவருக்குப் பின் கண்காட்சி மேடைகள் வேறொரு திசையிற் சென்றன. முதுகு பின்னோக்கிச் சரிந்த தோற்றம் அழகெனக் கொள்ளப்பட்டது. பின்னங்கால்கள் மிகையாக மடிந்தன. இடுப்பெலும்பு மூட்டு சரியாகப் பொருந்தாத குறைபாடு இவ்வினத்தில் பரவலாகக் காணப்படுகிறது. அதனால் வலியோடு நொண்டும் நாய் மந்தைக்கும் உதவாது, மிதிவெடி வயலுக்கும் உதவாது. படைகளும் பொலிஸாரும் மாலினோவாவை நாடியமைக்கு இதுவும் ஒரு காரணமாகும். கண்காட்சிக்காரர் அதன்மீது பெரிதாகக் கண் வைக்காததால் அது தப்பியது என்றுகூடச் சொல்லலாம்.

தமிழகத்தின் இராசபாளையம் நாய்க்கு நேர்ந்ததும் இதனையொத்ததே. பன்றி வேட்டைக்கும் காவலுக்கும் பெயர்பெற்ற அவ்வினத்துக்கு இந்திய அஞ்சல்துறை 2005ஆம் ஆண்டு முத்திரை வெளியிட்டுச் சிறப்புச் செய்தது. ஆனால் தூய வெள்ளை உரோமமும் இளஞ்சிவப்பு மூக்குமே உயர்வெனக் கருதி வளர்த்ததனால், நிறமிக் குறைவோடு கூடவே வரும் பிறவிச் செவிட்டுத்தன்மை குட்டிகளிடையே பெருகியது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு வேட்டையும் ஒழிந்தமையால், காது கேளாத நாயைக் காடு கழித்துவிடும் வாய்ப்பும் இல்லாமற் போயிற்று.

இப்போது படலைக்குள் கட்டப்பட்டிருக்கும் நமது அல்சேஷனிடம் வருவோம். நாளொன்றுக்குப் பல மைல் ஓடுவதற்கென்றும், எப்போதும் ஒரு வேலையை எதிர்பார்க்கும் மனத்தோடும் உருவாக்கப்பட்ட உயிர் அது. இரட்டை உரோமப் போர்வையோடு, தகரக் கூரையின்கீழ், ஆறடிச் சங்கிலியில் அதனைக் கட்டிவைத்தால் அது இரவு பகல் குரைக்கும், வாலைக் கடிக்கும், இறுதியில் அயல்வீட்டுப் பிள்ளையைக் கடிக்கும். பின்னர் அதனை 'மூர்க்க நாய்' என்போம். காவலுக்கு மட்டுமே நாய் வேண்டுமெனில், நமது வெயிலுக்குப் பழகிய, கட்டை உரோமமுள்ள ஊர் நாய் அதற்குப் போதுமானது. விசர்நாய்த் தடுப்பூசி ஆண்டுதோறும் போடப்படுதல் வேண்டும், அவ்வளவுதான்.

அதற்கு மேலும் இனநாய்தான் வேண்டும் என்போர், குட்டியின் சான்றிதழைக் கேட்பதற்கு முன் தாய் தந்தை நாய்களை நேரிற் பார்க்கட்டும். அவை சரளமாக ஓடுகின்றனவா, எழும்போது பின்னங்கால் நடுங்குகிறதா என்று கவனிக்கட்டும். இடுப்பு மூட்டின் எக்ஸ்றே படம் எடுக்கப்பட்டதா என்று கேட்கட்டும். நாய்க்கு நிழலும் நீரும் வேண்டும், அதிகாலையிலும் பொழுது சாய்ந்த பின்னும் ஒரு மணி நேர ஓட்டமும் வேண்டும். தேங்காய் மட்டை ஒன்றை வளவுக்குள் ஒளித்துவைத்துத் தேடச் சொல்வதுகூட அதற்கு ஒரு வேலைதான். மிதிவெடி நாய்களுக்கோ பதிவேடும் பரம்பரையும் கணக்கில் எடுக்கப்படுவதில்லை. களத்தில் இறங்குவதற்கு முன், அவ்வயலின் மண்ணை ஒத்த நிலத்தில் முன்கூட்டியே புதைத்துவைத்த மிதிவெடிகளைத் தேடும் பரீட்சையில் அவை தேற வேண்டும். ஒன்றைத் தவறவிட்டாலும், அது ஹொராண்டின் நேரடி வாரிசாகவே இருந்தாலும், அந்நாய் வயலுக்குள் அனுமதிக்கப்படமாட்டாது.